முதல் பட்டதாரி

சர்வர் வரவில்லை என்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ரூபி சொன்னதும் சீனியம்மாளுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. வராவிட்டால் நல்லது, இன்றைக்குப் பூராவும் வராவிட்டால் இன்னும் நல்லது. அப்படி நினைத்த கையோடு, பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபைலை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துத் திக்கென்றது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது. திங்கட்கிழமைக்குள் அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் மாரிப்பிரியாவின் சீட்டு வேறொரு பிள்ளைக்குப் போய்விடும், அதற்காகத்தானே சேவு கடையில் லீவு சொல்லிவிட்டு, முதலாளி மூஞ்சியைச் சுளித்ததையும் பார்த்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், சர்வரே வா வா என்றல்லவா வேண்டிக்கொள்ள வேண்டும். வேண்டிக்கொள்ளப் பார்த்தாள், சாமி பெயர் வாயில் வரவில்லை. இ-சேவை மையம் என்று பெயர்ப்பலகைதான் பெரிசு, உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், காத்திருப்பவர்களுக்கு நான்கைந்து நாற்காலி, தலைக்கு மேல் கடகடவென்று ஒரு மின்விசிறி. அது கழன்று விழுந்தால் முதலில் தன் தலையில்தான் விழும் என்று கணக்குப் போட்டாள், முதலில், எதற்கெடுத்தாலும் இந்த முதல் வந்து தொலைக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். விரல்களை மூக்கருகே கொண்டுபோனால் பூண்டும் மிளகாய் வற்றலும் மணத்தன, காலையில் சோப்பு போட்டுத்தான் கழுவினாள், பத்து வருஷ மணம் ஒரு காலைக் குளியலில் போய்விடுமா. மிஷினில் கைரேகை வைக்கச் சொன்னால் இந்த விரல் எடுபடாது, ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் அந்த ஆள் துடை துடை என்று உயிரை வாங்குவான். இன்றைக்கும் எடுபடாமல் போனால். மறுபடியும் அதே நினைப்பு, மறுபடியும் அதே திக்.

எவ்வளவு இடம் ஏறி இறங்கியாயிற்று. பிள்ளை பாலிடெக்னிக்கில் கரண்ட் படிப்பு முடித்து, நல்ல மார்க்கு வாங்கி, மூன்று வருஷம் பாடம் எடுத்த வாத்தியார்மாரெல்லாம் மேலே படி மேலே படி என்று சொல்லி, நேரே இரண்டாம் வருஷ இன்ஜினியரிங்குக்கு இடமும் கிடைத்துவிட்டது, மதுரைப் பக்கத்தில். இடம் கிடைத்த அன்றைக்குப் பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டுப் பணம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது. பேங்கில் போய் நின்றாள். படிப்புக்கு லோன் தருகிறார்கள் என்று போர்டே வைத்திருக்கிறார்கள், அந்தத் தம்பி மரியாதையாகத்தான் பேசினான், உட்காருங்கம்மா என்றுகூடச் சொன்னான், அப்புறம் வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு இருக்கா என்றான். தீப்பெட்டி பண்டல் ஏற்றி இறக்குகிறவனுக்கு யார் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், முதுகில் வேண்டுமானால் தடம் இருக்கிறது, வந்து பார்க்கச் சொல்லலாம். சாதிச் சங்கத்து டிரஸ்டில் உதவி செய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அங்கே போனால் பிளஸ் டூவில் முதல் மூன்று இடம் வந்தவர்களுக்கு மட்டும்தானாம், பாலிடெக்னிக் பிள்ளைகள் அவர்கள் கணக்கிலேயே இல்லை, போகும்போது ஒரு காலண்டர் கொடுத்தார்கள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் அரசாங்கமே பணம் போடுகிறதே அது கிடையாதா என்று கேட்டதற்கு, ஆறாம் வகுப்பிலிருந்து கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் இவள் கோட்டை விட்டிருந்தாள். ஆறாம் வகுப்பில்தான், தெருவே பார்க்கட்டும் என்று, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, டை கட்டுகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டாள். அன்றைக்கு அந்த டையைக் கட்டிவிடத் தெரியாமல் அம்மாவும் பிள்ளையும் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தார்கள். கவுரவத்துக்கு ஆசைப்பட்டவளுக்கு நல்லா வேணும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டினால் பணம் வந்துவிடப் போகிறதா, ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை. ஸ்காலர்ஷிப் ஒன்று இருக்கிறது, அது வருஷக் கடைசியில் வரும், காலேஜுக்கு இப்போதே வேண்டும். காதில் கிடப்பது கவரிங். கடைசியில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளை என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் டியூஷன் பீஸ் கட்ட வேண்டியதில்லை. மற்ற செலவுக்கு எப்படியாவது புரட்டிவிடலாம்.

முதன்முதலாக. அதில்தான் முள் தைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான். பட்டம் வாங்காத முதல் பட்டதாரி. மூத்தவன் கனிராஜுக்கு அந்தச் சான்றிதழை வாங்கினபோது அவள் வீட்டுக்காரர் சோலையப்பன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் வாங்கிவந்தார், வருகிற வழியில் அல்வா வாங்கினார், மறுநாள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று போட்டு, கனிராஜின் தலையை எவனோ ஒருத்தனின் கோட்டு சூட்டுக்கு மேல் ஒட்டவைத்து, சேர்வதற்கு முன்னாலேயே பட்டம் கொடுத்துவிட்டார்கள். தலைச்சன் பிள்ளை அல்லவா, எல்லாமே அவனுக்குத்தான் முதலில். முதல் மொட்டை, முதல் சைக்கிள், முதல் செல்போன். சேவு கடை முதலாளி அடிக்கடி சொல்வார், முதலைத் தொடாதே, லாபத்தில் சாப்பிடு, முதலைத் தின்றால் கடையை மூடவேண்டியதுதான் என்பார். வீட்டுக்கு இருந்தது அந்த ஒரு முதல், அதை அவன் தலையில் போட்டார்கள், அவன் இரண்டாம் வருஷம் பாதியில் பெட்டியோடு வந்து நின்றான். பெட்டியை இறக்கி வைக்கக்கூட இல்லை. ஒண்ணுமே புரியலம்மா, உக்காந்து உக்காந்து பாக்குறேன், ஒண்ணுமே ஏற மாட்டேங்குது என்றான். அப்போதாவது அவனை உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். தண்ணீர் கொடுத்தாளா இல்லையா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டாள், ஞாபகம் வரவே இல்லை, சோலையப்பன் போட்ட சத்தம்தான் ஞாபகம் வருகிறது. மறுநாள் காலையில் திருப்பூருக்குப் போய்விட்டான், பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுக்கு அப்புறம் வரவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை. ஆனால் மாசம் பிறந்தால் அவள் போனுக்குக் காசு ஏறிவிடும், டிங் என்று ஒரு மெசேஜ் வரும், யார் போடுகிறார்கள் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அந்த டிங் சத்தம் கேட்ட அன்றைக்கு அவள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுவாள். ஃப்ளெக்ஸ் இப்போது குளிக்கிற மறைப்புக்கு மேலே கிடக்கிறது, மழைக்கு நல்ல தடுப்பு. சோலையப்பன் பிள்ளை முகம் கீழே பார்க்கிற மாதிரி போட்டுவிட்டார், கோபத்தில் போட்டாரோ வெயில் படக்கூடாது என்று போட்டாரோ, கேட்டால் சொல்கிற ஆளா. குளிக்கும்போது அண்ணாந்தால் கோட்டு சூட்டோடு பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பான், அவளுக்கு வெட்கமாக இருக்கும், பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு வந்துவிடுவாள்.

நேற்று இதையெல்லாம் ரூபியிடம் கொட்டினதுதான் தப்பாகிவிட்டது. கொட்டாமல் என்ன செய்வது, விண்ணப்பம் போடும்போதே அந்தப் பெண் கேட்டுவிட்டாள், வீட்டில் வேறு யாராவது இந்தச் சலுகை வாங்கியிருக்கிறார்களா, ரேஷன் கார்டில் அண்ணன் என்று ஒருத்தர் இருக்கிறாரே என்று. இவள் சொன்னாள். முடிக்கவில்லையே தாயி, அவன் பட்டதாரியே இல்லையே, அந்த முதலை இவளுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்ல முடியாதா என்று கேட்டாள். பஸ் பாஸ் மாதிரி அதெல்லாம் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள் என்று ரூபி சிரித்தாள், சிரித்துவிட்டு இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நல்ல பெண்தான், முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் சின்னச் சிலுவை, மத்தியானச் சாப்பாட்டைக்கூட மேஜைக்கு அடியில் வைத்து ரெண்டு வாய் ரெண்டு வாயாகச் சாப்பிடுகிறவள். அவளாகத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். சிலபேர் கார்டில் இருந்து அந்தப் பிள்ளை பெயரை நீக்கிவிட்டு அப்புறம் போடுகிறார்கள், கார்டில் இல்லாதவரைப் பற்றிச் சில சமயம் கேட்கமாட்டார்கள், சில சமயம் கேட்பார்கள், கிடைக்கும் என்று நான் சொல்லவே மாட்டேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. பெயரை நீக்குவது. அந்த வார்த்தை நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்து புரள்கிறது. ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டுச் சோலையப்பனிடம் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவன் செத்துட்டான்னு நான் என்னைக்கோ முடிவு பண்ணிட்டேன், இப்ப என்ன புதுசா கேக்குற என்றார், சொல்லிவிட்டு ஒரு சோற்றுப் பருக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டில் குடும்பத் தலைவி இவள்தானே, அதனால் இவள்தான் வரவேண்டும். தலைவி. என்ன தலைமை. ஒரு பிள்ளையை எடுத்தால்தான் இன்னொரு பிள்ளையை ஏற்ற முடியும், எதை எடுப்பது எதை விடுவது என்று முடிவு செய்யவும் அவளுக்கு வழி இல்லை, முடிவு எல்லாம் எங்கேயோ யாராலோ எடுத்தாகிவிட்டது, இவள் விரலை மட்டும் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது, சிரிப்பாகத்தான் இருக்கும், யாரிடமும் சொல்ல முடியாது. ரேஷனில் தலைக்கு அரைக்கிலோ சீனி. அவன் போனதற்கு அப்புறமும் அவன் அரைக்கிலோ வந்துகொண்டுதான் இருக்கிறது. அதை அவள் மற்றதோடு கலப்பதில்லை, தனி டப்பாவில் போட்டு வைக்கிறாள், வந்தான் என்றால் பால் பணியாரம் செய்ய. எறும்பு மொய்த்தால் வெயிலில் காயவைத்து மறுபடியும் அள்ளி வைப்பாள். அடுத்த மாசம் ரேஷன் கடை ஆள் மூன்று பேருக்குத்தான் நிறுப்பான். டப்பா அப்படியே நிற்கும்.

"வந்திருச்சு அக்கா, வாங்க வாங்க, போறதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றாள் ரூபி. எழுந்திருக்க மாரிப்பிரியா கையைக் கொடுத்தாள். நேற்றுப் படுக்கும்போது பிள்ளை, வேண்டாம்மா நான் வேலைக்கே போறேன், அண்ணன் பேரை எடுக்காத என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொன்ன குரலில் வேண்டாம் என்பது முக்கால் பங்குதான் இருந்தது, கால் பங்கு வேறு என்னவோ இருந்தது. அந்தக் கால் பங்குக்காகத்தான் சீனியம்மாள் வந்திருக்கிறாள், அதைப் பிள்ளையிடம் சொல்லவில்லை. திரையில் எல்லோருடைய பெயரும் வரிசையாக வந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவுக்கு அவளுக்கும் படிப்பு உண்டு. தன் பெயர், அவர் பெயர், கனிராஜ், மாரிப்பிரியா. கனிராஜ் பெயருக்கு நேராக இருந்த சின்னக் கட்டத்தில் ரூபி ஒரு தட்டு தட்டினாள், அதில் டிக் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் சரியாகக் கணக்குப் போட்டால் போடுகிற அதே டிக். அடுத்து காரணம் கேட்கிறது என்றாள். காரணம் என்றால் கீழே ஒரு பட்டியல் தொங்கியது. இறப்பு என்று முதலில் இருந்தது. இங்கேயும் அதற்குத்தான் முதலிடம். ரூபியின் கையில் இருந்த அம்புக்குறி அந்த வார்த்தையைத் தொட்டுக்கொண்டு கீழே போனபோது சீனியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அது இல்ல தாயி, அது இல்ல." இல்லக்கா, கீழதான் போறேன் என்று ரூபி மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். திருமணம் என்று ஒன்று இருந்தது. வெளியூர் சென்றுவிட்டார் என்று ஒன்று இருந்தது. நல்லவேளை, கவர்மெண்டு அந்த மட்டுக்கும் யோசித்திருக்கிறது, செத்தவனுக்கும் கல்யாணம் ஆனவனுக்கும் நடுவில் போனவனுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறது. அதையே போடு என்றாள். போகும்போது தண்ணீர் குடித்தானா என்பதற்கு அதில் கட்டம் எதுவும் இல்லை.

ரகசிய எண் ஒன்று வரும், போனைப் பாருங்க என்றாள் ரூபி. சீனியம்மாள் பர்சிலிருந்து போனை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிங் வரவில்லை. பிரியாவும் எட்டிப் பார்த்தாள். ரூபி திரையில் இருந்த நம்பரின் கடைசி எண்களை வாசித்து, இது யார் நம்பர் என்றாள். அது கனிராஜ் நம்பர். ரேஷன் கார்டைப் புதுக்கார்டாக மாற்றினபோது வீட்டில் போன் வைத்திருந்தது அவன் ஒருத்தன்தான், என் நம்பரையே குடும்மா, நான் பாத்துக்குறேன் என்று பெரிய மனுஷனாகச் சொன்னான், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான் அப்போது. வேறு நம்பர் மாற்றலாமா என்றால் அதற்கும் அந்தப் பழைய நம்பருக்குத்தான் எண் போகுமாம். எந்தப் பக்கம் போனாலும் அவன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அவன் எடுக்க மாட்டானே தாயி, வருஷக்கணக்காக எடுப்பதில்லையே என்றாள். போட்டுத்தான் பாருங்களேன் என்று ரூபி சொல்ல, போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்துவிடாதே ராசா என்று ஒரு மனசு, எடுத்துத் தொலையேன்டா என்று ஒரு மனசு, எடுத்தால் இந்தப் பிள்ளை பிழைக்கும், எடுக்காவிட்டால் அவன் கார்டில் இருப்பான், ரெண்டும் வேண்டும் என்றால் எங்கே போய்க் கேட்பது. எடுக்கவில்லை. பெண் குரல் ஒன்று இங்கிலீஷில் என்னவோ சொல்லி வைத்துவிட்டது. ரூபி உதட்டைப் பிதுக்கினாள். பின்னால் காத்திருந்த ஒருவர் செருமினார். பிரியா ஃபைலை எடுத்துக்கொண்டு, போகலாம்மா என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள், ஃபைலின் நாடாவைக் கட்டுகிறேன் என்று முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கையில் இருந்த போன் அதிர்ந்தது. மகன் என்று வந்தது.

எந்தப் பொத்தானைத் தொட்டாளோ, சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. பின்னால் கடகடவென்று தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல், அதற்கு நடுவே அவன் குரல், கொஞ்சம் கட்டிப்போய், கொஞ்சம் ஆம்பளைக் குரலாக ஆகியிருந்தது. ஹலோ இல்லை, நல்லா இருக்கியா இல்லை.

"அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கு. குடும்ப அட்டையில உறுப்பினர் நீக்கம்னு போட்டிருக்கு."

பிரியா அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையில் பஸ்ஸில் பிடித்துக்கொள்வாளே அப்படி.

"பிரியாவுக்கா?"

"ம்."

"காலேஜுக்கா?"

"ம்."

அவன், சரி எழுதிக்கோ என்று சொல்லி, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான். முன்பெல்லாம் பரீட்சைக்குப் போகும்போது தன் ஹால் டிக்கெட் நம்பரை, தொலைந்துபோனால் நீ ஞாபகம் வச்சுக்கணும் என்று அவளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுப்பான், அவளும் அடுப்படியில் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆறு எண்கள். இந்த ஆறும் அவளுக்கு முதல் தடவையிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது, ஆயுசுக்கும் மறக்காது. அவள் எதுவும் எழுதவில்லை, எழுத வேண்டியிருக்கவும் இல்லை. அவன் சொல்லச் சொல்ல ரூபி தட்டிக்கொண்டே வந்தாள், கடைசி எண்ணோடு ஒரு பொத்தானை அமுக்கினாள், திரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. சீனியம்மாள், சோலையப்பன், மாரிப்பிரியா. நடுவில் இடைவெளிகூட இல்லை, ஒட்டி வந்துவிட்டார்கள். முடிஞ்சதுக்கா, இனி சான்றிதழுக்குப் போட்டுப் பாப்போம் என்று ரூபி தாழ்ந்த குரலில் சொன்னாள். இன்னமும் அதுவே கிடைக்குமோ கிடைக்காதோ, அதை எவனும் சொல்லப்போவதில்லை. போனில் அவன், விழுந்துச்சாம்மா, வச்சிரவா, சூப்பர்வைசர் பாக்குறாரு என்றான். அம்மா முடிஞ்சிருச்சு என்று பிரியாவும் காதருகே சொன்னாள். சீனியம்மாள் அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி, பூண்டு மணக்கிற விரல்களால் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"சரியா விழலய்யா, இங்க ஒரே இரைச்சலா இருக்கு. முதல்ல இருந்து சொல்லு."

அவன் முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தான்.